கிளை போட்ட ஒடுக்கும் நான் போட்ட கீறலும்

ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்து பார்த்தால் காரின் மேல் ஒரு கிளை கிடந்தது. ஒரு முனை பானட்டின் இடப்பக்கம், இன்னொரு முனை கூரையின் ஓரம், நடுவில் முன் கண்ணாடியை மூடிக்கொண்டு இலைக் குவியல். கண்ணாடி உடையவில்லை என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது. அந்த வேகத்தில் கிளையின் தடித்த பக்கத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். கிளை வந்தது. கூடவே ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தமும் வந்தது. முறிந்த சிம்பு ஒன்று ஃபெண்டரை, அதாவது முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை, உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அப்புறம் டேப் வைத்து அளந்தேன்: 62 செ.மீ. மரம் தன் பங்குக்குப் போட்ட கீறல்களில் மிக நீளமானதே 11 செ.மீ.தான்.

செய்திருக்க வேண்டியது வேறு. முதலில் தள்ளி நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கிளை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, பாதி முறிந்த இன்னொன்று மேலே தொங்குகிறதா என்று. கம்பி சிக்கியிருந்தால் காரின் பக்கமே போகக் கூடாது. மின் ஊழியர்கள் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்தது போட்டோ. இன்ஷூரன்ஸ் கேட்கிறோமோ இல்லையோ, கிளை கிடக்கிற நிலையிலேயே நாலு பக்கமும் எடுத்து வைத்துவிடுவது நல்லது. பிறகு சின்னச் சின்னக் கிளைகளைக் கத்தரித்து எடுத்துவிட்டு, மிஞ்சும் கட்டைக்கும் பெயின்டுக்கும் நடுவே ஒரு பழைய போர்வையைச் செருகி, இரண்டு பேர் சேர்ந்து நேராக மேலே தூக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. காலையில் எழுந்த கோலத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கிளையைத் துண்டு போட்டு எடை பார்த்தேன். 5 கிலோவும் கொஞ்சமும். அது முறிந்த இடத்துக்கும் பானட்டுக்கும் இடையே சுமார் 6 மீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 6 மீட்டர் விழுகிற எதுவும் கீழே தொடும்போது மணிக்கு 39 கி.மீ. வேகத்தில் இருக்கும். பானட் தகட்டின் கனமோ 0.7 மி.மீ. பக்கம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது ஒடுக்கு இவ்வளவோடு நின்றதே பெரிய காரியம் என்று தோன்றியது. இலையும் சிம்பும் முதலில் தொட்டு மெத்தை மாதிரி வேகத்தை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். மொட்டைக் கட்டையாக விழுந்திருந்தால் கண்ணாடி தப்பியிருக்காது.

அடுத்த தவறைச் செய்யக் கை பரபரத்தது: துணியை எடுத்துத் துடைப்பது. நல்ல வேளை, செய்யவில்லை. பட்டைத்தூளும் மண்ணும் ஒட்டியிருக்கிற பெயின்டின் மேல் துணியை இழுத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். வைப்பரையும் போடக் கூடாது. ரப்பருக்கு அடியில் ஒரு குச்சி சிக்கினால் போதும், கண்ணாடியில் வில் மாதிரி ஒரு கோடு நிரந்தரமாக விழும். முதலில் ஹோஸ் தண்ணீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். பிறகுதான் ஷாம்பூ. இரண்டு வாளி, ஒன்றில் நுரை, ஒன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு நுரைக்குப் போனேன். கடைசியில் அந்த வெறும் தண்ணீர் வாளியின் அடியில் ஒரு கைப்பிடி மண் தங்கியிருந்தது.

பானட்டைத் திறந்தபோது இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. முன் கண்ணாடியின் அடியில், வைப்பர் பொருத்தியிருக்கும் இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்குக் கீழே ஒரு பள்ளம். கண்ணாடியிலிருந்து வழியும் மழைத்தண்ணீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் உள்ள வடிகால் வழியாக முன் சக்கரத்துக்குப் பின்னால் இறங்கும். ஏசிக்கு வெளிக்காற்று போகும் வாயும் பல கார்களில் அங்கேதான். மூடியின் கிளிப்புகளைக் கழற்றினேன். உள்ளே இருந்தது நேற்றைய இலை இல்லை. பல மாதமாக விழுந்து மக்கி, கறுப்பு எருவாகவே ஆகிவிட்ட இலை. இரண்டு கைப்பிடி தேறியது. அடியில் ஒரு மண்புழு இல்லாததுதான் குறை. இடது வடிகால் முழுக்க அடைத்திருந்தது. இது அடைத்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் காற்று வாய் வழியாகக் கால் மிதியடிக்குக் கீழே வரும், அல்லது அங்கேயே நின்று தகட்டின் இணைப்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஏசி போட்டதும் வந்த ஒரு மக்கல் வாடைக்கு நான் ஃபில்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டுக் குத்திவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, சக்கரத்துக்குப் பின்னால் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்தேன். சொட்டியது. கிளை விழாமலிருந்தால் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலம் சேதக் கணக்கு. உச்சி வெயிலில் ஒடுக்கு தெரியாது. இருட்டியபின் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொன்றும் நிழல் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நீல டேப் துண்டு ஒட்டி எண் எழுதினேன். பானட்டில் உள்ளங்கை அகலத்தில் ஆழமில்லாத ஒரு ஒடுக்கு, பெயின்ட் முழுசாக இருக்கிறது. கூரையின் இடது ஓரத்தில், கதவுக்கு மேலே, 4 செ.மீ. நீளத்துக்குக் கூர்மையான ஒரு வெட்டு ஒடுக்கு. அங்கே பெயின்ட் வெடித்துத் தகடு பளிச்சென்று தெரிகிறது. ஏழெட்டுச் சின்னக் கீறல்கள். நான் போட்ட பெரிய கீறல். பிசின் சொட்டுகள் எண்ணவில்லை.

கீறலின் ஆழம் பார்க்க இரண்டு எளிய சோதனை. நகத்தைக் குறுக்கே இழுத்தால் தட்டுகிறதா? தண்ணீர் தடவினால் மறைகிறதா? தண்ணீரில் மறைந்து, நகமும் தட்டாவிட்டால் காயம் மேலே உள்ள நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. நகம் தட்டினால் ஆழம் அதிகம். உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் என்ற அடிப்பூச்சு வரை போயிருக்கிறது, உலோகம் மின்னினால் எல்லாம் போய்விட்டது. இந்த ‘எல்லாம்’ என்பதே எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கம்பெனி பெயின்ட் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். இரண்டு தலைமுடியை அடுக்கிவைத்த கனம். அதில் கிளியர் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புப் பசையைப் போடும் ஒவ்வொரு தடவையும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். எடுத்தது திரும்பி வராது.

பிசினை முதலில் முடித்தேன், ஏனென்றால் வெயில் ஏற ஏற அது இறுகும். நாள்பட விட்டால் கிளியர் கோட்டையே அரித்து வட்டமாகத் தழும்பு வைக்கும். நகத்தால் சுரண்டக் கூடாது, கெட்டியான பிசின் ஒரு கல் மாதிரி. வெந்நீரில் நனைத்த துணியைச் சொட்டின் மேல் போட்டு ஐந்து நிமிஷம் விட்டேன். போகாததற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சில் நனைத்து, அரை நிமிஷம் வைத்துவிட்டு அழுத்தாமல் எடுத்தால் பிசின் பஞ்சோடு வரும். தேய்க்கக் கூடாது. தின்னர் பக்கம் போகவே வேண்டாம். பிசினோடு பெயின்டும் வரும், குறிப்பாக ஏற்கெனவே ஒரு தடவை வெளியே பெயின்ட் அடித்த பாகமாக இருந்தால். ஆல்கஹால் அந்த இடத்தில் மெழுகையும் எடுத்துவிடும் என்பதால் முடித்த பிறகு மெழுகு பூச வேண்டும். ஒரு சொட்டு பாதி போய்விட்டு, கீழே மங்கலாக ஒரு வளையம் விட்டது. அது இன்னும் இருக்கிறது.

சரி, என் கீறல். 62-இல் ஏறக்குறைய 54 செ.மீ. நகத்துக்குத் தட்டவில்லை. சிம்பு முதலில் குத்தி நின்ற இடத்தில் மட்டும் 8 செ.மீ. ஆழம். மேலோட்டமான பகுதியை 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நன்றாக ஊறவைத்து, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, கீறலுக்குச் சாய்வாகத் தேய்த்தேன். விரலில் சுற்றித் தேய்த்தால் விரலின் மூன்று மேட்டிலும் அழுத்தம் கூடி வாய்க்கால் வெட்டும், கட்டை அவசியம். பத்துப் பன்னிரண்டு தேய்ப்பு, துடைத்துப் பார், மறுபடி. கீறல் முழுக்க மறையும் வரை போகவில்லை. மங்கலாக ஒரு கோடு மிஞ்சும்போதே நிறுத்திக்கொண்டேன். பிறகு 3000, பிறகு காம்பவுண்ட், பிறகு பாலிஷ். ஃபெண்டரின் மடிப்பு வரும் இடத்தில் டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். மடிப்பின் உச்சியில் பெயின்ட் எப்போதும் மெல்லிசு, பாலிஷ் மெஷின் ஒரு வினாடி அதிகம் நின்றால் கலர் வெளியே வந்துவிடும். அந்த 8 செ.மீ.க்குத் தீக்குச்சி முனையில் டச்சப் பெயின்ட் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வைத்து, காயக் காய மூன்று தடவை நிரப்பினேன். தெரியுமா என்றால் தெரியும். துருப்பிடிக்காது, அது போதும்.

பானட் ஒடுக்குக்கு முதலில் எல்லோரும் சொல்கிற ஹேர் டிரையர் வித்தையைச் செய்து பார்த்தேன்: சூடாக்கிவிட்டு ஐஸ் வைத்தால் ‘டப்’ என்று வெளியே வரும் என்பார்கள். வரவில்லை. பிளாஸ்டிக் பம்பரில் வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் வரும், அது சூட்டில் இளகும் பொருள். இரும்புத் தகடு ஹேர் டிரையர் சூட்டுக்கெல்லாம் அசையாது. தற்செயலாக ஏதாவது வந்தால் அது எப்படியும் வரக் காத்திருந்த ஒடுக்காக இருக்கும். இதற்கு முன் செய்ய வேண்டியது காந்தம் வைத்துப் பார்ப்பது. சில கார்களில் பானட் அலுமினியம்; காந்தம் ஒட்டாது. அலுமினியம் இரும்பைப் போல வளைந்து கொடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்பாது, சீக்கிரம் கிழியும். அதை நான் தொட்டிருக்க மாட்டேன். என்னுடையது இரும்பு.

பானட்டின் அடியில் இன்னொரு சட்டத்தகடு இருக்கிறது, அதிலுள்ள ஓட்டைகளில் எதுவும் ஒடுக்குக்கு நேராக இல்லை. அதனால் பசை வைத்து மேலிருந்து இழுப்பது என்று முடிவு. இதற்கென்று காளான் குடை மாதிரி பிளாஸ்டிக் பட்டன்களும் ஒரு இழுப்பானும் சேர்த்து விற்கிறார்கள். இடத்தை ஆல்கஹாலால் சுத்தம் செய்து, பட்டனில் சூடான பசையை வைத்து, ஒடுக்கின் நடுவில் ஒட்டி, பசை இறுகக் காத்திருந்து, இழுப்பானின் திருகைத் திருக வேண்டும். முதல் தடவை ‘படக்’ என்று பட்டன் கையோடு வந்தது, தகடு அப்படியே இருந்தது. தகடு குளிர்ந்திருந்தது காரணம். ஹேர் டிரையருக்கு இங்கேதான் வேலை வந்தது: தகட்டைக் கைக்கு இதமான சூட்டுக்குக் கொண்டுவந்தேன், பசை பிடித்தது.

ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தால் நடுவில் ஒரு முலை மாதிரி மேடு கிளம்பும். கொஞ்சம் இழு, விடு, பக்கத்தில் ஒட்டு, கொஞ்சம் இழு. அதைவிட முக்கியமானது எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது. ஒடுக்கு என்பது பள்ளம் மட்டும் இல்லை. பள்ளத்துக்குப் போன தகடு சுற்றிலும் வளையமாக ஒரு மேட்டைத் தள்ளி வைத்திருக்கும், அந்த மேடுதான் பள்ளத்தைப் பூட்டி வைக்கிறது. வெள்ளை அட்டையில் கறுப்பு டேப்பால் நேர்கோடுகள் ஒட்டி, பானட்டில் அதன் பிரதிபலிப்பைப் பார்த்தால் கோடு பள்ளத்தில் ஒரு பக்கமும் மேட்டில் எதிர்ப்பக்கமும் வளையும். மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியை மேட்டின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் ‘டொக் டொக்’ என்று மெதுவாகத் தட்டி, மறுபடி நடுவில் இழுத்தால், இவ்வளவு நேரம் முரண்டு பிடித்த பள்ளம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மொத்தம் முப்பது நாற்பது இழுப்பு இருக்கும். பத்தில் ஒன்பது பங்கு வந்தது. மிச்சத்தை எடுக்கப்போய் மேடாக்கிவிடுவேனோ என்று பயந்து நிறுத்தினேன். பட்டனை எடுக்கும்போது பிய்க்கக் கூடாது. பசையின் விளிம்பில் ஆல்கஹால் விட்டால் தானாகக் கழன்று வரும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் கலவை) வைத்து பெயின்ட் அடித்த தகட்டில் இந்த முறையை முயலவே வேண்டாம். பசையோடு பெயின்டும் தோலாக உரிந்து வரும்.

இனி கூரை ஓரம். இந்த ஒரு 4 செ.மீ.தான் மொத்த வேலையில் பாதி நேரத்தைத் தின்றது.

தகடு வெளியே தெரிகிற காயத்தை அன்றைக்கே மூட வேண்டும் என்று தெரியும். மழை விடட்டும் என்று இரண்டு நாள் தள்ளினேன். இரண்டாம் நாள் மாலை அங்கே தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு. உடனே செய்ய முடியாவிட்டால் குறைந்தபட்சம் துடைத்துக் காயவைத்து அகலமான டேப் ஒட்டியாவது வைத்திருக்கலாம். உள்ளிருந்து தட்டி எடுக்கலாமா என்று கூரைத் துணியை இறக்கும் யோசனையும் வந்தது. விட்டுவிட்டேன். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் அது அந்தத் துணிக்குப் பின்னால், கூரை ஓரத்தை ஒட்டியே மடித்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே சுத்தியலும் டிரில்லும் கொண்டுபோகிற ஆசை எனக்கில்லை. தவிர கூரை ஓரத்தில் உள்ளே ஓடும் சட்டம் காரின் எலும்பு. அதுவே நசுங்கியிருந்தாலோ கதவு சரியாக மூடாவிட்டாலோ வீட்டில் செய்கிற வேலையே இல்லை. என்னுடையதில் மேல் தகடு மட்டும், ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நடுவில் 2 மி.மீ. ஆழம். பட்டி தாங்கும் அளவு. நிறைய ஆழத்தைப் பட்டியால் நிரப்பினால் நாள்பட வெடிக்கும், 3 மி.மீ.க்கு மேல் போகாமல் இருப்பது என் கணக்கு.

முதலில் சுற்றியிருந்த மேட்டைத் தட்டி இறக்கினேன். பிறகு 80 நம்பர் உப்புத்தாளால் துருவைத் தகடு வெள்ளையாகும் வரை தேய்த்தேன். வெடித்த பெயின்டின் விளிம்பைச் சரிவாக்க 180, பிறகு 320. சரிவு சரியாக வந்ததும் நடுவில் தகடு, அதைச் சுற்றி ஒரு கரும் வளையம், அடுத்து சாம்பல், அடுத்து கலர், கடைசியில் மங்கலாகக் கிளியர் என்று வரிசையாக வளையங்கள் தெரிந்தன. வெட்டின மரத்தின் வளையம் மாதிரியே. ஒவ்வொரு வளையமும் அகலமாகத் தெரிந்தால் சரிவு நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம். விரலுக்கு எந்த இடத்திலும் படி தட்டக் கூடாது. சுத்தம் செய்து எப்பாக்ஸி பிரைமர் ஒரு கோட் அடித்து அன்றைக்கு முடித்துக்கொண்டேன்.

மறுநாள் பட்டி. பழைய டிங்கரிங் ஆள் ஒருவரிடம் போனில் கேட்டேன். “ஹார்டனரைக் கண்ணால அளக்காதீங்க தம்பி, அது கடுகு மாதிரி” என்றார். ஹார்டனர் என்பது பட்டியை இறுகவைக்கக் கலக்கும் பொருள். நான் கண்ணால்தான் அளந்தேன். எடையில் நூற்றுக்கு 2 பங்கு என்பது வழக்கமான அளவு. நான் போட்டது அதைப்போல இரண்டு மடங்கு இருந்திருக்க வேண்டும். கலந்து முடித்துக் கரண்டியில் எடுப்பதற்குள் பலகையிலேயே ரப்பர் துண்டு மாதிரி உதிர்ந்தது. அது சீக்கிரம் இறுகுவதோடு போகாது, மிஞ்சிய ஹார்டனர் பின்னால் பெயின்ட் வழியாகக் கறையாக மேலே வரும். இரண்டாவது தடவை தராசு வைத்துக் கலந்தேன். அட்டையின் மேல் கலக்கக் கூடாது, பட்டியிலுள்ள பிசினை அட்டை உறிஞ்சிவிடும். பழைய கண்ணாடித் துண்டு சிறப்பு. கடைந்தால் காற்று புகுந்து ஊசித்துளை விழும் என்பதால் கரண்டியால் அழுத்தி அழுத்தி மடித்துக் கலக்க வேண்டும், நிறம் ஒரே சீராகும் வரை. முதல் பூச்சைப் பலமாக அழுத்தி மெல்லிசாக, காயத்தின் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் போகிற மாதிரி. அது பிடித்த பிறகு இரண்டாவது பூச்சை மட்டத்துக்கு மேலே கொஞ்சம் எழும்புகிற மாதிரி.

தேய்ப்பதில்தான் பொறுமை போனது. கூரை ஓரம் தட்டை இல்லை, இரண்டு பக்கம் வளைவு. உப்புத்தாள் சுற்றிய கட்டையைக் குறுக்கும் நெடுக்கும் சாய்வாக ஓட்டினேன். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தது. கையைத் தடவினால் பள்ளம். வெறுங்கையைவிட, மெல்லிய துணியைத் தகட்டின் மேல் போட்டு அதன் மேல் உள்ளங்கையை நீளவாக்கில் ஓட்டினால் இன்னும் துல்லியமாகத் தெரியும்; தோல் பிடிக்காமல் வழுக்குவதால் ஏற்ற இறக்கம் மட்டும் கைக்கு வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். ஒரு இடத்தில் அதிகமாகத் தேய்த்துவிட்டேன், மூன்றாவது பூச்சு போட வேண்டியதாயிற்று. பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கக் கூடாது. அது ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெயின்ட் அடித்த பிறகு கொப்புளமாகத் திருப்பிக் கொடுக்கும். தூசிக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு காய்ந்தபடிதான்.

அப்புறம் நிரப்பும் பிரைமர் மூன்று கோட். அதன் மேல் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூவலாக அடித்து, 600 வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். மேடு முதலில் வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். இரண்டு ஊசித்துளையும் பட்டியின் விளிம்பில் பிறை மாதிரி ஒரு கோடும் கறுப்பாகவே நின்றன. அவற்றை மெல்லிய ஸ்டாப்பர் பட்டியால் அடைத்து, மறுபடி பிரைமர், மறுபடி 600. பிறகு நாலு நாள் சும்மா விட்டேன். பிரைமரின் கரைப்பான் முழுக்கப் போவதற்குள் கலர் அடித்தால் பின்னால் சுருங்கி, அந்தப் பிறை திரும்பத் தெரியும்.

கலரின் குறியீட்டு எண் கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது. வெள்ளி மெட்டாலிக். இந்த வகையில் எண் சரியாக இருந்தாலும் அடிக்கும் விதத்தில் நிறம் மாறும். ஈரமாக அடித்தால் உலோகத் துகள் அடியில் படிந்து கருக்கும், தூரத்திலிருந்து காய்ந்தாற்போல அடித்தால் வெளுக்கும். மூன்று அட்டைகளில் அடித்துக் காயவைத்து, கிளியரும் போட்டு, கூரையின் மேல் வைத்துப் பார்த்தேன். கிளியர் போடாத அட்டையை வைத்து நிறம் பார்ப்பது வீண். 20 செ.மீ. தூரத்திலிருந்து மெல்லிய கோட், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் அகலமாக. அப்படி அடித்தால் எல்லை தெரியாமல் கரையும்.

கிளியருக்கு இரண்டு வழி. சாதாரண ஸ்ப்ரே கேன் சுலபம், ஆனால் பெட்ரோல் பட்டால் இளகும், வெயிலில் சீக்கிரம் மங்கும். கேனின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலந்துவிட்டு அடிக்கும் 2கே வகை உறுதியானது. நான் அதை எடுத்தேன். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோகும் சரக்கு. பட்டி தேய்க்கும் தூசி மாஸ்க் இதற்கு எந்த வகையிலும் போதாது. ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் உள்ள முகமூடி, கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, திறந்த வெளி, பக்கத்தில் யாரும் இல்லாத நேரம். இவ்வளவும் முடியாதென்றால் இந்த ஒரு கட்டத்தை மட்டும் கடையில் கொடுத்துவிடலாம், வெட்கமே இல்லை. கிளியரை எங்கே முடிப்பது என்பதும் கேள்வி. நடுத் தகட்டில் கரைத்து விட்டால் அந்த விளிம்பு சில வருஷத்தில் உரியத் தொடங்கும். நான் ஒரு பக்கம் கூரைப் பள்ளத்து ரப்பர் வரையும், இன்னொரு பக்கம் கதவு விளிம்பு வரையும் கொண்டுபோய் மறைவில் முடித்தேன். நீளவாக்கில்தான் கரைக்க வேண்டியிருந்தது, அது பலவீனமான இடம்.

இரண்டாவது கோட் அடித்து இரண்டு நிமிஷத்தில் ஒரு பூச்சி வந்து உட்கார்ந்தது. எடுக்கப் போகவில்லை. ஈரத்தில் கை வைத்தால் பூச்சியைவிட என் கை பெரிய தழும்பு வைக்கும் என்பதை இதற்குள் கற்றிருந்தேன். நன்றாக இறுகியபின் 2000, 3000, பாலிஷ். பூச்சியின் ஒரு கால் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் வேலை நடந்த இடம் தெரியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் ஒரு கோணத்தில் உள்ளங்கை அளவு கொஞ்சம் கருப்பு.

இனி விழாமல் பார்த்துக்கொள்ளும் பக்கம். மெழுகு, செராமிக் பூச்சு, பிலிம் என்று விசாரித்தேன். செராமிக் பூச்சின் கனம் சில மைக்ரான்கூடத் தாண்டாது. பிசினும் எச்சமும் சுலபமாகக் கழுவ வரும், அதுதான் லாபம். கவசம் என்று விற்பவரிடம் ஒரு குச்சியைக் கொடுத்துக் கேட்கலாம். பெயின்ட் பாதுகாப்புப் பிலிம் 150 முதல் 200 மைக்ரான், மொத்தப் பெயின்டைவிடக் கனம், சிம்பு உரசினால் தாங்கும். ஒடுக்கை இரண்டும் தடுக்காது. ஒடுக்கைத் தடுப்பது தடிமனும் மென்மையும்தான். விழும் பொருள் 1 சென்டிமீட்டரில் நிற்பதற்குப் பதில் 5 சென்டிமீட்டரில் நின்றால் தகட்டின் மேல் வரும் சராசரி விசை ஐந்தில் ஒன்றாகும். அதனால் புயல் எச்சரிக்கை வந்தால் காரை நகர்த்த முடியாத நாளில் மட்டும் பானட்டிலும் கூரையிலும் பழைய மெத்தைத் துண்டு போட்டு, அதற்கு மேல் கவர் போட்டுக் கட்டுகிறேன். கழுவிய காரின் மேல்தான், விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மண்ணோடு இருக்கிற காரில் கவர் போட்டால் காற்றில் அது படபடத்து ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

மரத்தையும் பார்த்தேன். விழுந்த கிளையின் முறிவில் பாதிக்கு மேல் கறுத்துக் காய்ந்திருந்தது. மற்றவை தழைத்திருக்கும்போது அந்தக் கிளையில் மட்டும் இலை குறைவாக இருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அடுத்து இருந்த இன்னொரு காய்ந்த கிளையை, மரம் ஏறத் தெரிந்தவரை வைத்து வெட்டினோம். முதலில் அடியிலிருந்து கால்வாசி அறுத்து, கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்து விழவைத்து, மிஞ்சிய கட்டையைக் கிளை புறப்படும் இடத்தில் தடித்திருக்கும் கழுத்தை விட்டுவிட்டு வெட்டினார். அடிவெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் கிளை தன் எடையில் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். கழுத்தை விட்டு வைத்தால்தான் மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். கீழே நின்று கயிறு பிடித்தது நான். இந்தத் தடவை கார் நாலு வீடு தள்ளி நின்றது.

இப்போது நிறுத்தும் இடத்தையும் மாற்றிவிட்டேன், கிளைகளின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. வாரம் ஒரு தடவை வைப்பர் மூடியின் மேல் இலை எடுக்கிறேன். கூரை ஓரத்து இடத்தை மாதம் ஒரு தடவை டார்ச் சாய்த்துப் பார்க்கிறேன். நீளவாக்கில் கரைத்த விளிம்பு இன்னும் எழும்பவில்லை, பிறையும் வரவில்லை. பானட்டில் விட்டுவைத்த பத்தில் ஒரு பங்கு மட்டும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் எட்டிப் பார்க்கிறது. பசை பட்டன்கள் டப்பாவில் அப்படியே இருக்கின்றன.